இரவு ஒன்பது மணி வசூல்

கேள்வி: மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் நிறுவனத்தில் வசூலுக்குப் போகிறேன். தவணை கட்டாத ஒரு அக்கா வீட்டு வாசலில் போன வாரம் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிவிட்டேன். படித்துக்கொண்டிருந்த அவர் மகள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டில் நான் அதிர்ந்துகூடப் பேசாதவன். நான் நல்லவனா, கெட்டவனா? அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாமா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தம்பி, அந்தத் தீர்ப்பை எழுத நான் யார்? வேறொன்று சொல்கிறேன்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஸ்விட்சை அழுத்தி ஷாக் கொடுக்க வேண்டும். ஷாக் பொய், வாங்குபவர் நடிக்கிறார். அழுத்துபவருக்கு அது தெரியாது. 15 வோல்ட்டில் ஆரம்பித்து, பதினைந்து பதினைந்தாக ஏற்றி, 450 வரை. 40 பேரில் 26 பேர் கடைசி வரை போனார்கள். கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், வார்த்தை திக்கியது. ஆனாலும் 'தொடருங்கள்' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார், விரலும் நிற்கவில்லை.

உங்களுக்கும் முதல் நாளே ஒன்பது மணி ஆகியிருக்காது. முதலில் போன், அப்புறம் வாசல், அப்புறம் குரல்.

அதே சோதனையை இன்னொரு விதமாகவும் செய்து பார்த்தார். கூட இரண்டு பேரை உட்காரவைத்து, அவர்கள் நடுவிலேயே 'முடியாது' என்று மறுக்கும்படி ஏற்பாடு. அப்போது கடைசி வரை போனது 40-ல் 4 பேர்தான். நடுவில் நிறுத்திய மீதி 36 பேரும் ஒன்றும் புண்ணியாத்மாக்கள் இல்லை. மறுக்கத் துணை இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் கிளையில் இதே உறுத்தலோடு இருக்கும் இன்னொருவரைப் பிடியுங்கள். இருப்பார். உங்கள் நிறுவனம் தருவது மாதிரியான சிறுகடனுக்கு, அதாவது மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டவோ திட்டவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. இரண்டு பேருமாக மேனேஜரிடம் போய், 'ஆறு மணிக்கு மேல் போகமாட்டோம் சார்' என்று சொல்லுங்கள். டார்கெட் என்று கத்துவார். கத்தட்டும்.

மன்னிப்பா? தாராளமாகக் கேளுங்கள். ஆனால் தவணை நாளில் வேண்டாம். வசூல் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டால் அதையும் மிரட்டல் என்றே அந்த அக்கா நினைப்பார். அவர் மகளும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அவள் காதிலும் விழ வேண்டும்.