ஏரிக்கரை பங்களா: ஒழுகுகிற மெட்ராஸ் டெரஸ்ஸை இடிக்கத்தான் வேண்டுமா?

பழைய கட்டடத்தைச் சீர்செய்து விடுமுறைக்கு வாடகைக்கு விடுவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

புழல் ஏரிக்கரையில் எங்கள் குடும்பத்துக்குப் பழைய பங்களா ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை). மழைக்கு இரண்டு அறை ஒழுகுகிறது. கூரையை இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார் கான்ட்ராக்டர். சீர்செய்து வார இறுதிக்கு வாடகைக்கு விட ஆசை. என்ன செய்யலாம்?
- வாசகர், சூரப்பட்டு

அவசரப்பட்டு இடித்துவிடாதீர்கள். இடித்துவிட்டால் அப்படி ஒரு கூரையைத் திரும்பக் கட்டிக்கொடுக்க இன்றைக்கு ஆள் கிடைப்பது கடினம்.

முதலில் பார்க்க வேண்டியது தேக்குக் கட்டைகளை. ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை போட்டிருப்பார்கள். நடுவில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். சுவருக்குள் நுழைகிற கடைசி ஒரு சாணில்தான் உளுக்கும், ஈரம் அங்கேதான் தங்குகிறது. ஒவ்வொரு முனையிலும் ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் அந்த முனை கெட்டுவிட்டது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை 'டங்' என்று ஒலிக்கும், கெட்டது 'பொத்' என்று கேட்கும். 20 கட்டையில் 3, 4 முனை கெட்டிருந்தால் இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டுக் காப்பாற்றலாம். பாதிக்கு மேல் கெட்டிருந்தால் மட்டும் வேறு யோசனைக்குப் போகலாம். அதையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

கட்டை நன்றாக இருந்தால் பழுது மேலேதான். கட்டைகளின் மேல் அச்சுக்கற்கள் என்கிற சின்னச் செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். இதைத்தான் கொத்தனார்கள் கட்டைக்குத்து ஒட்டு என்கிறார்கள். அதன்மேல் 3 அல்லது 4 அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. பெரும்பாலும் ஒழுகுவது தட்டோட்டின் இணைப்பிலும் கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலையிலும்தான். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேர் செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அடியோடு வெட்டி, வெட்டிய இடத்தில் வேரைக் கொல்லும் மருந்து தடவி, காய்ந்த பிறகு எடுங்கள்.

வேலையை பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். கெட்ட பகுதியை உளியால் மட்டும் எடுங்கள். பிரேக்கர் மிஷின் வைத்தால் அதன் அதிர்வில் நல்ல ஒட்டும் விட்டுப்போகும். புது ஜல்லிக் கலவைக்குப் பொதுப்பணித்துறை அளவே போதும்: 32 பங்கு செங்கல் ஜல்லி, 12½ பங்கு நீற்றிய (தண்ணீரில் போட்டு வெந்த) சுண்ணாம்பு, மணல் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் குறைந்தது மூன்று நாள் தட்ட வேண்டும். கட்டை துள்ளித் திரும்பி, தளத்தில் தடம் விழாமல் இருந்தால் போதுமான அளவு தட்டியாயிற்று. பிறகு ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம், பத்து நாள் காயவிடாமல் வைத்திருங்கள். 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் இருக்கட்டும்.

இந்த வேலை கெடுவது மூன்று இடத்தில். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு சட்டி சிமென்ட் சேர்ப்பார். பக்கத்திலுள்ள பழைய ஒட்டு மிருதுவானது, புதியது விறைப்பானது, ஒரே கோடையில் இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும். இரண்டாவது, கடையில் நாள்பட்டுக் காற்றுப்பட்ட சுண்ணாம்புப் பொடி. நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்புக் கட்டி தண்ணீரில் விழுந்ததும் சீறிக் கொதிக்கும், செத்த பொடி சும்மா கரையும். நீற்றும்போது சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். மூன்றாவது, தட்டுகிற நாளைக் குறைப்பது. கூலிக் கணக்கில் அங்கேதான் கை வைப்பார்கள், விடாதீர்கள்.

கான்கிரீட் தளத்தை ஏன் வேண்டாம் என்கிறோம்? வெயிலில் அது விரிந்து சுண்ணாம்புச் சுவரின் தலையை வெளியே தள்ளும். கூரையின் ஓரத்தை ஒட்டிப் படுக்கைவாக்கில் ஓடுகிற விரிசல் அப்படி வருவதுதான்.

அதே வீட்டில் கீழ்ச்சுவர் 3 அடி உயரத்துக்குப் பொரிந்து உதிர்கிறது. பத்து வருடத்துக்கு முன் சிமென்ட் பூசினோம். இப்போது வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கலாமா?

வேண்டாம். ஏரிக்கரை மண்ணிலிருந்து ஓதம், அதாவது ஈரம், சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும், ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளே பூத்துச் செங்கல்லைத் தின்னும். பெயின்ட் அடித்தால் இன்னொரு மூடி போட்டதாகும். ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை சிமென்ட்டை எடுத்துவிடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு ஆற்று மணல் என்று பூசி, மேலே வெள்ளையடித்தால் போதும். சில ஆண்டு கழித்து அந்தப் பூச்சும் உப்பைக் குடித்து உதிரும். அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று எண்ணி, அந்த இடத்தை மட்டும் புதுப்பியுங்கள்.

விருந்தினருக்கு ஏ.சி., கீசர், மாடியில் அட்டாச்டு பாத்ரூம் எல்லாம் வேண்டாமா?
- வாசகி, மாதவரம்

மாடி பாத்ரூமை மெட்ராஸ் டெரஸ் மேல் வைக்கவே கூடாது. எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஒரு நாள் கசியும், அடியில் இருப்பதோ மரக்கட்டை. வீட்டை ஒட்டித் தனி அஸ்திவாரத்தில் பாத்ரூம் கட்டுங்கள். 1,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன் பாரம், அதற்கும் தனி இரும்புத் தாங்கி வேண்டும். 25 லிட்டர் கீசரைச் சாதாரண ஆங்கர் போல்ட்டில் சுண்ணாம்புச் சுவரில் மாட்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும். சுவரின் மறுபக்கம் வரை போல்ட் விட்டுத் தகடு போட்டு முடுக்குங்கள். ஒயரிங்குக்குச் சுவரை வெட்டாமல் வெளியே பைப் விடுங்கள், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஏ.சி. வைக்கலாம், ஆனால் அதன் தண்ணீர்க் குழாய் சுவரடியில் முடியக் கூடாது. அறை அடைந்தே கிடந்தால் சுவர் வேர்க்கும், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கழிவுநீருக்கும் அனுமதிக்கும் என்ன செய்வது?

புழல் 1876இல் கட்டிய ஏரி, 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு, சென்னை குடிக்கிற தண்ணீர். ஒரு சொட்டுக் கழிவும் அதில் சேரக் கூடாது. உறிஞ்சுகுழியைக் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். கரையோரம் நிலத்தடி நீர் மேலேயே இருந்தால் உறிஞ்சுகுழி வேலை செய்யாது, மூடிய தொட்டியும் லாரியும்தான் வழி.

பணம் போடுமுன் பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) ஒரு சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். ஒரு மூலை ஏரிப் புறம்போக்கில் விழுந்தாலும், 2007ஆம் ஆண்டின் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தில் அதைக் காப்பாற்ற வழியில்லை. உபரிநீர்க் கால்வாயை ஒட்டிய இடமானால் (வடகரை, கிராண்ட்லைன், மணலி, சடையங்குப்பம் வழியாக அது கடலுக்குப் போகிறது) மழைக்காலத்தில் புக்கிங் எடுக்காதீர்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) கேளுங்கள். மத்திய சுற்றுலாத் துறையின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' பதிவுக்கு அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் பழவேற்காட்டில் காயலை ஒட்டிய பழைய பங்களாவில் இரண்டு இரவு தங்கப்போகிறோம். 9 பேர், இருவர் முதியவர்கள். என்னென்ன கேட்டுக்கொள்வது?
- வாசகி, ராயபுரம்

கீழ்த்தளத்தில் படுக்கையறையும் கழிப்பறையும் உண்டா, மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா, இரவில் மின்சாரம் போனால் இன்வர்ட்டரில் ஃபேன் ஓடுமா என்று கேளுங்கள். உப்புக் காயலோரக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் எத்தனை தருவார்கள் என்று எண்ணிக்கையோடு பேசிக்கொள்ளுங்கள். போனதும் படுக்கையறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். புது ஈரக்கறையோ மரத்தூளோ தெரிந்தால் வேறு அறை கேளுங்கள்.

பூநாரை வருகிற பருவம் என்பதால் பிள்ளைகள் படகில் போகலாம் என்று பிடிவாதம் பிடிக்கும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பங்களாக்காரரே ஏற்பாடு செய்து தந்தாலும் மீன்பிடிப் படகில் ஏற வேண்டாம். பறவையைக் கரையிலிருந்தே பைனாகுலரில் பார்க்கலாம், காலை 7 மணிக்கு வெளிச்சமும் நன்றாக இருக்கும்.