எனக்கு இங்கே கிடைத்த முதல் ஓட்டு

"அக்கா, சிகாகோ வந்து மூன்று மாதம் ஆகிறது. மகளுக்கு அடுத்த வருடம் கிண்டர்கார்டன். ஆபீசில் எல்லோரும் நகரத்துப் பள்ளி வேண்டாம், புறநகர் நேப்பர்வில் பக்கம் போய்விடு என்கிறார்கள். பக்கத்துப் பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம் என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். விசாவில் இருக்கிற நாம் அங்கெல்லாம் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம் தம்பி. போவது என்ன, ஓட்டே போடலாம்.

நீங்கள் பார்த்தது அநேகமாக லோக்கல் ஸ்கூல் கவுன்சில் கூட்டமாக இருக்கும். எல்எஸ்சி என்பார்கள். நம் ஊர் பெற்றோர் ஆசிரியர் கழகம் மாதிரி ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுகிற சமாச்சாரம் இல்லை. தொடக்கப் பள்ளியென்றால் அதில் 6 பெற்றோர், அக்கம்பக்கத்தவர் 2 பேர், ஆசிரியர்கள் 2 பேர், மற்ற ஊழியரில் ஒருவர், பிரின்சிபால், சில பள்ளிகளில் ஒரு மாணவரும். எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய பாதி இடம் பெற்றோருக்கு. பிரின்சிபாலை 4 வருட ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுப்பது அவர்கள். வருட பட்ஜெட்டுக்குக் கைதூக்குவதும் அவர்கள்தான்.

இது சும்மா வந்ததில்லை. 1987-இல் ஆசிரியர் வேலைநிறுத்தம் நான்கு வாரம் இழுத்தது. பிள்ளைகள் வீட்டில் கிடக்க, பெற்றோர் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தார்கள். மறு வருடம் இந்தக் கவுன்சில்களை அமைக்க மாநிலத்தில் சட்டம் வந்தது, 1989-இல் முதல் தேர்தல் நடந்தது. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும், குடியுரிமை கேட்பதில்லை. கிரீன் கார்டு வரிசையில் நான் நின்ற வருடங்களைச் சொன்னால் உங்களுக்குப் பயம் வரும், விடுங்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போதே பள்ளி ஜிம்மில் போய் ஓட்டுப் போட்டேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் ஓட்டு அதுதான்.

ஒன்றில் மட்டும் கவனம். நகரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற சிகாகோ கல்வி வாரியத்துக்கு 2024 நவம்பரில் முதல் தடவையாகத் தேர்தல் நடந்தது. அது வேறு, குடிமக்களுக்கு மட்டும். யாராவது வாக்காளராகப் பெயர் பதிந்துகொள்ளுங்கள் என்று ஆசையாக அழைத்தாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாவுக்கே வினையாகிவிடும். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எங்காவது ஓட்டுப் போட்டீர்களா என்று படிவத்தில் கேள்வி வரும். பள்ளி ஓட்டை எப்படி எழுதுவது என்று அப்போது வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் நான் எல்லாக் கூட்டத்துக்கும் போனேன், வாயே திறக்கவில்லை. என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு வெட்கம். ஒரு மாலை, அடுத்த வருட பட்ஜெட்டில் நூலகர் வேலை இல்லை என்று பிரின்சிபால் தாளை நீட்டினார். எல்லோரும் தாளையே பார்த்துக்கொண்டிருக்க, மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் அம்மா ஸ்பானிஷில் கேட்டார், மகள் மொழிபெயர்த்தாள்: "நூலகத்தைப் பூட்டிவிட்டால் சாவி யாரிடம் இருக்கும்?" அவ்வளவுதான் கேள்வி. பிரின்சிபாலிடம் பதில் இல்லை. அன்றைக்கு பட்ஜெட் நிறைவேறவில்லை. இரண்டு வாரம் வரவு செலவை அலசி, வேறு ஒரு செலவைக் குறைத்து, நூலகரை அரை நாள் வேலைக்காவது நிறுத்திவைத்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் என் ஆங்கிலத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

நூலகம் என்றதும் பில்சன் வட்டாரத்து விட்டியர் பள்ளி ஞாபகம் வருகிறது. அங்கே நூலகமே இல்லை. வளாகத்தில் இருந்த ஒரு சிறிய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 2010-இல் தாய்மார்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். 43 நாள். இடிக்க மாட்டோம், நூலகம் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே எழுந்தார்கள். 2013-இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. அதே வருடம் நகரத்தில் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூடினார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில். பெற்றோர் ஒன்று சேர்ந்தால் எல்லாம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் நிதி திரட்டும் குழு என்று தனியாக ஒன்று இருக்கும், 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப்' என்று ஆரம்பித்துப் பள்ளிப் பெயரோடு முடியும். நம்மைப் பார்த்தவுடன் சமோசா செய்து வருகிறீர்களா என்பார்கள். செய்யுங்கள், தப்பில்லை, ஆனால் அடுப்படியோடு நின்றுவிடாதீர்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறையும் உண்டு. வசதியான பகுதிப் பள்ளி ஒரே இரவில் திரட்டும் பணத்தை, இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர் இருக்கும் பள்ளி ஒரு வருடத்தில் திரட்ட முடியாது. அதனால் கையில் நேரம் கொஞ்சம்தான் என்றால் சமோசாவை விட்டுவிட்டு பட்ஜெட் கூட்டத்துக்குப் போங்கள் என்பேன்.

நேப்பர்வில்லா, நகரமா என்பதற்கு வருகிறேன். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், என் நெருங்கிய தோழியே போனாள், பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நீங்கள் பள்ளிகளுக்கு இணையத்தில் போடுகிற மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நகரத்தில் உங்கள் முகவரிக்கென்று ஒரு பள்ளி உண்டு, கிண்டர்கார்டனுக்கு அங்கே இடம் கட்டாயம் கிடைக்கும். சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்துகிற பள்ளி என்றால் இந்த எல்எஸ்சி கிடையாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்எஸ்சி உள்ள எந்தப் பள்ளியானாலும் அதன் கூட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோர் கேள்வி கேட்கிறார்களா, கேட்டால் பிரின்சிபால் முகம் எப்படி மாறுகிறது, பாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். என் மகன் பாதிக் கூட்டம் மேசைக்கடியில்தான் இருந்தான், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.