இரைப்பை மார்புக்குள் ஏறியிருந்தால் அறுவை சிகிச்சை அவசியமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு "பாரா ஈசோபேஜியல் ஹெர்னியா" இருப்பதாக ஸ்கேனில் தெரியவந்துள்ளது. பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டுமா? வலை வைத்துத் தைப்பது நல்லதா?

நான் மருத்துவன் அல்லன். குடியாத்தத்தில் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய என் தாயாருக்கு, அவருடைய அறுபத்தெட்டாம் வயதில், வேலூரில் இதே அறுவை சிகிச்சை நடந்தது. அருகிலிருந்து பார்த்ததையும், அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கியதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் கொண்டு எழுதுகிறேன். "பெரிய தொந்தரவு எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நீங்கள் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அம்மா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவார். வயதானால் பசி குறையும் என்று விட்டுவிட்டோம். சாப்பிட்டபின் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தால் நெஞ்சை அடைக்கிறது என்று திண்ணைக்கும் வாசலுக்குமாக நடப்பார். வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதுதான் வழக்கம். அவர் களியை விட்டுவிட்டுக் கூழ் மட்டும் குடிக்கத் தொடங்கியபோதுகூட ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டார். படியேறினால் மூச்சு வாங்கியதால் இதயப் பரிசோதனைகளும் நடந்தன. ஹீமோகுளோபின் 6.8-க்கு இறங்கி, இரத்தம் ஏற்றுவதற்காகச் சேர்த்திருந்தபோதுதான், மார்பு எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் காற்றும் நீரும் தேங்கிய ஒரு நிழல் இருப்பதை ஓர் இளம் மருத்துவர் கவனித்தார். சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இரைப்பையில் பாதிக்கு மேல் மார்புக்குள் இருந்தது.

ஹெர்னியாவை நம் ஊரில் குடலிறக்கம் என்பதால், "இறக்கம் என்றால் கீழேதானே வரும்?" என்று அம்மா கேட்டார். இங்கே நடப்பது ஏற்றம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கிவரும் துவாரம் அகன்றுபோய், அதன் வழியே இரைப்பை மேலே ஏறிவிடுகிறது. இவ்வகை ஏற்றங்களில் பெரும்பாலானவை உணவுக்குழாயும் இரைப்பையும் கூடும் இடம் மட்டும் சற்று மேலே சறுக்கும் சாதாரண வகை. அதற்கு மாத்திரையே பெரும்பாலும் போதும். உங்கள் தாயாருக்கு இருப்பது, இரைப்பையே உணவுக்குழாயின் பக்கவாட்டில் ஏறி உட்காரும் அரிய வகை. உதரவிதானம் இரைப்பையை இறுக்கும் இடத்தில் கேமரூன் புண்கள் எனப்படும் சிறு புண்கள் தோன்றி, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியும். அம்மாவின் இரத்தசோகைக்கு அதுவே காரணம் என்று எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது.

ஒரு காலத்தில் இந்த வகை என்றாலே அறுவை சிகிச்சைதான். அறுவை செய்யாமல் விட்ட 21 பேரில் 6 பேர் இறந்ததாக 1967-இல் வெளியான ஒரு கட்டுரை அந்த அச்சத்துக்கு முக்கியக் காரணம். 2002-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் செய்த கணக்கீடு அதை மாற்றியது: தொந்தரவு இல்லாதவர்களுக்கும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் அவசர அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 1.1 சதவீதமே என்பதால், அவர்களில் பெரும்பாலோர் கவனித்தபடி காத்திருக்கலாம் என்று அது சொன்னது. அந்த முடிவு உங்கள் தாயாருக்குப் பொருந்துமா என்பது, அவருக்கு உண்மையிலேயே தொந்தரவு இல்லையா அல்லது அதற்கேற்ப உணவையும் பழக்கங்களையும் அவர் மாற்றிக்கொண்டுவிட்டாரா என்பதைப் பொறுத்தது. ஒரு வாரம் அவர் என்ன சாப்பிடுகிறார், எதைத் தவிர்க்கிறார், சாப்பிட்டபின் என்ன செய்கிறார் என்று குறித்துவையுங்கள், ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரத்தசோகையும் மூச்சுத்திணறலும் இந்த நோயின் அறிகுறிகளே. அவை இருந்தால், உடல்நிலை தாங்குமானால், திட்டமிட்டு அறுவை செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அம்மாவுக்கு ஐந்து சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தார்கள். இரைப்பையைக் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன்; அதனுடன் இரைப்பையைச் சுற்றி மார்புக்குள் உருவாகியிருக்கும் சவ்வுப் பையை முழுவதும் பிரித்தெடுப்பதும், உணவுக்குழாயின் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுவிசையின்றி வயிற்றுக்குள் தங்குமாறு அதை மேலே தளர்த்திவிடுவதும்தான் கடினமான பகுதி என்று மருத்துவர் சொன்னார். அதன்பின் அகன்ற துவாரத்தைத் தைத்துச் சுருக்கி, அமிலம் மேலேறாதிருக்க இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைத்தார்கள்.

தைத்த துவாரத்தை வலுப்படுத்த அங்கே வைக்கப்படும் வலையைப் பற்றி: 108 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றில், உயிரித் திசுவாலான வலை வைத்தவர்களில் ஆறு மாதத்தில் 9 சதவீதத்தினருக்கும், வைக்காதவர்களில் 24 சதவீதத்தினருக்கும் ஹெர்னியா திரும்பியிருந்தது. அதே நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது அந்த வேறுபாடு மறைந்து, இரு பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பியிருந்தது. இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். திரும்பியவை பெரும்பாலும் படத்தில் மட்டும் தெரியும் சிறியவை, அவர்களின் வாழ்க்கைத் தரம் நன்றாகவே இருந்தது. செயற்கை வலை, அரிதாக, உணவுக்குழாயை அரித்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்ற கவலையும் உண்டு. எங்கள் மருத்துவர் வலை வைக்கவில்லை. உங்கள் மருத்துவர் வைப்பதாகச் சொன்னால், எந்த வகை, ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். இத்தகைய அறுவையை அவர் அடிக்கடி செய்பவரா என்பதையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதலில் நீராகாரம், பிறகு சில வாரங்கள் குழைந்த உணவு. தையல்மீது அழுத்தம் விழக்கூடாது என்பதால் வாந்தி, மலச்சிக்கல், பாரம் தூக்குதல் மூன்றையும் தவிர்க்கச் சொன்னார்கள். தண்ணீர்க் குடத்தை அம்மா தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. விழுங்குவதில் சிரமம் ஒரு மாதத்துக்கு மேல் இருந்து குறைந்தது. இப்போது களி சாப்பிடுகிறார், சிறிய உருண்டைகளாக.

காத்திருக்க முடிவு செய்தால் ஒன்றை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். திடீரென்று மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ கடும் வலி வந்து, எவ்வளவு ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராவிட்டால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும்; இரத்த ஓட்டம் தடைபட்டால் உயிருக்கே ஆபத்து. நள்ளிரவானாலும் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சுவலி என்றதும் மாரடைப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதால், ஸ்கேன் அறிக்கையைக் கையோடு எடுத்துச் சென்று முதலிலேயே காட்டுங்கள்.