என் வரிப்பணத்தில் அடுத்தவருக்கு ஏன் இலவச வைத்தியம்?

"மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கிறார்கள். அதில் மற்றவர்களுக்கு ஏன் இலவச வைத்தியம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யத்தான் வேண்டும் என்பது என் பதில்.

முதலில், வரி கட்டுவது நாம் மட்டும் இல்லை. சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் ஜிஎஸ்டி கட்டுகிறார். அரசு ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவரின் காசும் அந்த மாத்திரையில் இருக்கிறது.

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. பிராண்டு பெயருக்குக் காசு கொடுப்பதில்லை, மொத்தமாக வாங்குவதால் விலையும் இறங்கிவிடுகிறது. தனித்தனியாக மெடிக்கல் ஷாப்பில் நின்றால் யாருக்கும் இந்த விலை கிடைக்காது. வரிப்பணம் இங்கே வீணாகவில்லை, பேரம் பேசும் பலமாக மாறுகிறது.

அப்புறம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை நிறுத்தியவர் ஒருநாள் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்து நிற்கலாம். அந்தச் செலவு பல மடங்கு. வேலையும் போய்விடும், தாலிக்கொடி அடகுக்குப் போகும், பிள்ளையின் படிப்பு நிற்கும். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது இதனால்தான்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டமும் இங்கே உண்டு. அதில் யார் ஏழை, யார் வரி கட்டியவர் என்று கேட்பதில்லை. நாளை பைக்கில் போகும் நீங்களும் அதில் அடக்கம்.