கேட்டன் வாங்கலாமா, மாமியாருக்குச் சரிப்படுமா?

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): வீட்டில் நாலு பேர். நான், கணவர், 9 வயது மகள், கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். சாயங்காலமானால் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். ஆபீஸில் எல்லாரும் 'கேட்டன்' போர்டு கேம் வாங்கச் சொல்கிறார்கள். 3,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். வாங்கலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கேட்டன் நல்ல ஆட்டம்தான், செங்கல், மரம் என்று சேர்த்து, மற்றவரோடு பண்டமாற்றுச் செய்து வீடும் சாலையும் கட்டுகிற ஆட்டம். கிளவுஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் 1995-இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டே ஜெர்மனியின் சிறந்த ஆட்டத்துக்கான விருதையும் வாங்கியது. உங்கள் ஆபீஸ்காரர்கள் ஒரே வயதுக்காரர்கள் நாலு பேராகச் சேர்ந்து, மறுநாள் லீவு என்ற தைரியத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடுகிறவர்கள். அவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் மகளுக்கு 9 வயது, பெட்டியில் 10+ என்று இருக்கும். அதைக்கூடப் பொருட்படுத்த வேண்டாம், கெட்டிக்காரக் குழந்தைகள் ஆடிவிடுவார்கள். சீட்டுகளில் இருக்கும் ஆங்கிலத்தை ஒவ்வொரு முறையும் பாட்டிக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் சிக்கல். படித்துச் சொன்னால் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு சொந்தக் கோபமும் உண்டு. தொடக்கத்தில் இரண்டு வீடுகளைத் தப்பான இடத்தில் வைத்தவர் அடுத்த ஒன்றரை மணி நேரமும் செங்கல் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தோற்றது முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும், ஆனால் எழுந்து போக முடியாது. அந்த இடத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் பெட்டி அதற்கப்புறம் பரணில்தான்.

உங்களுக்கு நான் சொல்வது 'டிக்ஸிட்'. 84 படச் சீட்டுகள், ஒன்றிலும் எழுத்து கிடையாது. கனவில் வருகிற மாதிரி விசித்திரமான ஓவியங்கள். உங்கள் முறை வந்தால் கையிலிருக்கும் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு குறிப்புச் சொல்கிறீர்கள். மற்றவர்கள் அந்தக் குறிப்புக்குப் பொருந்துகிற மாதிரி தங்கள் கையிலிருந்து ஒரு படம் போடுகிறார்கள். உங்கள் படத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கலந்து விரித்ததும், உங்கள் படம் எது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அத்தனை பேரும் கண்டுபிடித்தால் உங்களுக்குப் புள்ளி கிடையாது. ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் கிடையாது. சிலருக்குப் புரிந்து சிலருக்குப் புரியாமல் போக வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள், மாமியார் ஒரு கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டின் முதல் வரியைச் சொல்கிறார். அவர் மகனுக்குப் புரிகிறது, உங்களுக்கும் பேத்திக்கும் புரியவில்லை. முழுப் புள்ளி! பழமொழி, விடுகதை, 'உங்க அத்தை கல்யாணத்துல நடந்த கூத்து' என்று எல்லாமே குறிப்பாகலாம். பெங்களூரில் வளரும் பெண்ணுக்குத் தமிழ் சேர்கிறது என்பது உபரி லாபம்.

கதை சொல்லக் கூச்சப்படும் குடும்பம் என்றால் 'அசூல்'. போர்ச்சுக்கல் நாட்டுச் சுவர் ஓடுகளை மாதிரியாக வைத்துச் செய்தது, எழுத்தே இல்லை, முக்கால் மணி நேரத்தில் முடியும், இரண்டிலிருந்து நாலு பேர் ஆடலாம். வண்ண வில்லைகளை எடுத்து அவரவர் பலகையில் அடுக்க வேண்டும். வில்லைகள் கையில் கனமாக இருக்கும், அதுவே ஒரு சுகம். ஆனால் அடுத்தவர் எடுக்க நினைத்ததை முந்தி எடுக்கிற விஷமம் இதில் அதிகம். பாட்டியும் பேத்தியும் கூட்டுச் சேர்ந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்.

வாங்குவதற்கு முன் ஆடிப் பாருங்கள். கோரமங்கலா, இந்திராநகர், எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கம் போர்டு கேம் கஃபேக்கள் உண்டு; ஒரு காபி விலையைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் அங்கேயே பிரித்து ஆடலாம். ஆன்லைனில் வாங்கும்போது விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் போலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மங்கலாக, சீட்டு மெலிதாக, பெட்டி சின்னதாக வரும். இன்னொன்று, 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதனால் 14+ என்று அச்சடித்த பெட்டியைப் பார்த்து ஆட்டம் கடினம் என்று பயந்துவிடாதீர்கள். பரிசோதனைச் செலவைத் தவிர்க்கவும் அப்படிப் போடுவதுண்டு. வரியும் குறைந்திருக்கிறது, 2025 செப்டம்பர் 22 முதல் கேரம், செஸ், லூடோ வகையறாவுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி 5 ஆனது. பழைய விலையையே சொல்லும் கடைக்காரரிடம் பில்லைக் கேளுங்கள்.

கேள்வி (அல்சூர்): யூடியூபில் ஒருவர் 'தரமான சம்பவம்' என்று சொன்னதை நம்பிக் குடும்பத்தோடு ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனேன். டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை போய்விட்டது. டிரெய்லரில் பார்த்த காட்சியே படத்தில் இல்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா? இனி யார் விமர்சனத்தை நம்புவது?

பதில்: போகலாம், ஜெயிக்க மாட்டீர்கள். ஒரு இந்திப் படத்தின் விளம்பரத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒருவர் வழக்குப் போட்டு, தேசிய நுகர்வோர் ஆணையம் வரை நஷ்டஈடும் வாங்கினார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விளம்பரத் துணுக்கு என்பது படத்தில் இன்னது இருக்கும் என்று கொடுத்த வாக்குறுதி ஆகாது என்பது தீர்ப்பு. நம் ஊரிலேயே ஒருவர், படத்துக்கு முன்னால் ஏறக்குறைய 25 நிமிடம் விளம்பரம் போட்டு நேரத்தை வீணடித்தார்கள் என்று மல்டிபிளெக்ஸ் மேல் வழக்குப் போட்டு 2025 பிப்ரவரியில் ஜெயித்தார். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்ச வரம்பு என்று மாநில அரசு 2025 செப்டம்பரில் போட்ட விதிக்கும் அதே மாதத்தில் இடைக்காலத் தடை வந்தது. ஆக, சட்டத்தை நம்பி சினிமாவுக்குப் போகாதீர்கள். குடிதண்ணீர் மட்டும் தியேட்டர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளிச் சாப்பாட்டைத் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றதும் அதே தீர்ப்புதான்.

விமர்சனத்துக்கு வருவோம். விமர்சகர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் மூன்று பழைய படங்களை எடுத்துக்கொண்டு, அந்த விமர்சகர் அவற்றைப் பற்றி என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். ரசனை ஒத்துப்போகிறவர் கிடைத்தால் நல்லது. நீங்கள் ரசித்ததையெல்லாம் தவறாமல் திட்டுகிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் திட்டினால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடலாம். ஒரு சமயம் புகழ்ந்து ஒரு சமயம் திட்டி, ஏன் என்று சொல்லாதவரால்தான் ஒரு பயனும் இல்லை. நான் சண்டைக் காட்சி பத்து நிமிடம் தாண்டினால் தூங்கிவிடும் ஆள். மாஸ் படத்துக்கு என் பேச்சைக் கேட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

முதல் காட்சி விமர்சனம் வேறு ரகம். தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லை என்று ஆனதும் பெரிய நடிகர் படமென்றால் அங்கிருந்தே பஸ் ஏறி இங்கே விடியற்காலைக் காட்சிக்கு வருகிறார்கள். அந்த விசில் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியதில் பாதி கூட்டத்தின் உற்சாகம். திங்கட்கிழமை வரை பொறுங்கள், டிக்கெட்டும் இறங்கியிருக்கும். ஓசூர் போனால் மலிவு என்று கிளம்புகிறவர்கள் அத்திப்பள்ளி டோலையும் பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்பவும்.

கேள்வி (ஜே.பி.நகர்): பள்ளியில் கன்னடம் படிக்கும் என் மகனுக்கு 'பொன்னியின் செல்வன்' வாங்கித் தர ஆசை. சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை விலை போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கல்கி 1954-இல் காலமானார். ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்தான் காப்புரிமை என்பதால் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உள்ளே இருக்கும் கதை ஒன்றே. நீங்கள் காசு கொடுப்பது காகிதத்துக்கும், எழுத்தளவுக்கும், கட்டுமானத்துக்கும், ஓவியர் மணியம் வரைந்த படங்கள் இருந்தால் அவற்றுக்கும். மிக மலிவானதில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனை அது முதல் பக்கத்திலேயே விரட்டிவிடும். அட்டையில் 'சுருக்கம்' என்ற வார்த்தை எங்காவது ஒளிந்திருக்கிறதா, ஐந்து பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஐந்தையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. முதல் பாகம் 'புது வெள்ளம்' மட்டும் போதும். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவனைப் பிடித்துவிட்டால் பையனே மிச்சத்தைக் கேட்பான். நடுப் பாகங்களில் மர்மத்தை இழுத்துக்கொண்டே போவது எனக்கே சலிப்புத் தட்டும். தொடர்கதையாக வாராவாரம் எழுதியதற்கு அது சரி, மொத்தமாகப் படிப்பவருக்குத்தான் கஷ்டம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது. அல்சூர் ஏரிப் பக்கம் போனால் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்து நூலகமும் இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

கேள்வி (சிவாஜிநகர்): சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: வாங்கும் முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், குறிப்பாகத் துப்பறியும் கதைகளில். படித்து முடித்ததைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் கடைகள் அந்தத் தெருவிலேயே உண்டு. தமிழ் தேடுகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், அங்கே ஆங்கிலத்தின் ராஜ்ஜியம்.

கேள்வி (சர்ஜாபூர் சாலை): குழந்தைகள் மோனோபொலி ஆடினால் மூன்று மணி நேரம் ஆகியும் முடிவதில்லை, கடைசியில் அடிதடி. வேறு ஆட்டம் வாங்கவா?

பதில்: முதலில் பெட்டிக்குள் இருக்கும் விதித் தாளைப் படியுங்கள், யாரும் படிப்பதில்லை. ஓர் இடத்தில் போய் நின்றவர் அதை வாங்கவில்லை என்றால் உடனே ஏலம் விட வேண்டும் என்று அதில் இருக்கும். அபராதப் பணத்தை நடுவில் குவித்து, இலவச நிறுத்தம் (ஃப்ரீ பார்க்கிங்) கட்டத்தில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுப்பதும் விதியில் கிடையாது. இந்த இரண்டையும் சரிசெய்தால் நேரம் பெரிதும் குறையும். அடிதடி குறையும் என்று சொல்லமாட்டேன், மற்றவரைத் திவாலாக்குவதுதானே ஆட்டமே. ஒற்றுமையாக ஆட வேண்டுமானால் 'பேண்டமிக்' பாருங்கள். எல்லாரும் ஒரே கட்சி, எதிரி நோய்.

கேள்வி (பானஸ்வாடி): ஆன்லைனில் வாங்கிய போர்டு கேமில் நாலு காய்கள் குறைகின்றன. பரிசாகக் கொடுக்க வைத்திருந்ததால் தாமதமாகத்தான் பிரித்தோம். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள்.

பதில்: முதலில் ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனத்துக்கே எழுதுங்கள். பெயர் தெரிந்த வெளியீட்டாளர்கள் பலர் விடுபட்ட காய்களைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள், தளத்தோடு மல்லுக்கு நிற்பதைவிட இது வேகம். அது நடக்காவிட்டால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் படத்தோடு புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்வதும் அந்த விதிகளுக்கு எதிரானது. அடுத்த படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. பிரித்தபோது வீடியோ எடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். எடுக்கவில்லை என்றால், பெட்டிக்குள் இருக்கும் பொருள்பட்டியலின் பக்கத்தில் காய்களை அடுக்கி வைத்து எடுத்த படமும் செல்லும்.