உறுதி யாருடைய பெயரில்?

கேள்வி: சாவகச்சேரிப் பக்கம் நாங்கள் 14 பேர் விண்மீன்களை வழிபடுகிறோம். விக்கிரகம் இல்லை, ஐயர் இல்லை. அமாவாசை இரவில் தொலைநோக்கியோடு கூடுவோம். 2021 இல் எங்கள் மூத்தவர், காலஞ்சென்ற மனைவியின் சீதனக் காணியில் 2 பரப்பைக் காட்டி, "இனி இது உங்கட கோயில்" என்றார். வெளிநாட்டு அன்பர்களின் காசில் திறந்து மூடும் கூரையோடு மண்டபம் கட்டினோம். போன வருடம் அவர் காலமாகிவிட்டார். கனடாவில் உள்ள 3 பிள்ளைகளும் எழும்பச் சொல்கிறார்கள். ஊரவர் எங்களை விசர்க் கூட்டம் என்கிறார்கள். கிராம அலுவலர் கடிதம் தருகிறார் இல்லை. மதத்தைப் பதிந்தால் காணி தப்புமா?

பதில்: தப்பாது. ஊர்ப் பேச்சையும் கிராம அலுவலரையும் விடுங்கள். விரும்பிய மதத்தைக் கைக்கொள்ள அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை போதும். அதற்கு எவருடைய கடிதமும் வேண்டாம். சபையைப் பாராளுமன்றத்தில் சட்டமாகப் பதிவிக்கும் கூட்டிணைப்புச் சட்டம் என்று கொழும்புக்கு அலையவும் வேண்டாம். 2003 இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையின் சட்டமூலமே உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்த விடயம்தான் வழக்கு: சீதனக் காணி. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையில் அது மனைவியின் தனிச் சொத்து. அவர் இறந்ததும் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. 2021 இல் உங்கள் மூத்தவரிடம் தருவதற்கு எதுவும் இருக்கவில்லை. நொத்தாரிசு முன் உறுதி முடித்துத் தந்திருந்தாலும் இதே கதைதான்.

நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 107 ஆம் பிரிவை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எழுத்து இல்லாவிட்டாலும் தருமசாதனம் (பொது நன்மைக்கு ஒதுக்கிய சொத்து) உண்டென்று மன்று கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அது எழுத்து இல்லாத குறையை நிரப்பும். உரித்து இல்லாத குறையை நிரப்பாது. நெடுங்காலம் ஆண்டதால் உரித்துக் கேட்கப் பத்து வருட ஆட்சியும் உங்களிடம் இல்லை.

இனி நான் பயப்படுகிற இடம். பிள்ளைகளின் அற்றோணி, அதாவது அவர்களுக்காக இங்கே செயற்படும் தத்துவகாரர் ஒருவர், நல்ல முகத்தோடு வருவார். "இருங்கோ, ஒரு கடிதம் மட்டும் தாங்கோ" என்பார். "உங்கள் அனுமதியோடு இருக்கிறோம், கேட்டதும் எழும்புவோம்" என்ற அந்த நாலு வரியில் ஒப்பம் வைத்து, கட்டிய காசைக்கூடக் கேட்க முடியாமல் போனவர்களைக் கண்டிருக்கிறேன். மண்டபத்துக்குச் செலவழித்ததற்கு நட்டஈடு கேட்கும் நியாயம் ஒன்றுதான் இப்போது உங்கள் கையில் உள்ள துருப்பு. அதை ஒரு கடிதத்தில் கொடுத்துவிடாதீர்கள். காசு யாருடைய கணக்குக்கு வந்தது, மேசனுக்கு யார் கொடுத்தார் என்ற துண்டுகளை இன்றைக்கே ஒரு கோவையில் போடுங்கள். மூத்தவரின் சொந்தக் கணக்குக்கு வந்திருந்தால் பிள்ளைகள் அதையும் தகப்பனின் காசு என்பார்கள்.

மற்றப் பொறி, மூவரில் இளகின ஒருவரின் பங்கை மட்டும் வாங்குவது. பிரிபடாத பங்கைப் பிறத்தியாருக்கு விற்றால் மற்றப் பங்காளிகள் வாங்கும் முதலுரிமையைப் பங்காளிகளுக்குத் தரும் 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டத்தோடு மன்றுக்கு வருவார்கள். அதில் தப்பினாலும் பிரிவினை வழக்கு இருக்கிறது. உங்களில் வயதானவர்கள் அதன் தீர்ப்பைப் பார்ப்பார்களோ தெரியாது.

ஆகவே சமாதானமாகப் பேசி முடியுங்கள். மூவரும் ஒப்பமிட்டு, மண்டபம் நிற்கும் நிலத்துக்கு மட்டும் நொத்தாரிசு குத்தகை உறுதி, அல்லது மூவரும் சேர்ந்து எழுதும் அறுதி விற்பனை உறுதி. மற்ற நிலத்தை விட்டுவிடுங்கள். வானம் பார்க்க 2 பரப்பு எதற்கு? வாங்குபவராக ஒரு தனியாளைப் போடாதீர்கள். மூன்று பேரை நம்பிக்கைப் பொறுப்பாளர்களாக நியமித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர்களின் பிள்ளைகளோடும் இதே வழக்கை நடத்த வேண்டி வரும்.

பேச்சு முடியும்வரை மண்டபத்தை வெறுமனே விடவேண்டாம். அவர்கள் பூட்டுப் போட்டால் உடைக்காதீர்கள். பொலிசில் முறைப்பாட்டை எழுதிவிட்டு, முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றம் போங்கள். வெளியேற்றிய நாளிலிருந்து 2 மாதம் கடந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.