நாளுக்கு ஆறு மணித்தியாலம் போனில் இருந்தால் அது நோயா?

கல்லடியில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் மகன் நாளுக்கு ஆறு மணித்தியாலம் போனும் கையுமாக இருக்கிறான், இது அடிமைத்தனமா?

அக்கா, ஊரில் நாம் மணித்தியாலத்தை எண்ணுகிறோம். உளவியலாளர்கள் அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. 1995இல் ஐவன் கோல்ட்பெர்க் என்ற மனநல மருத்துவர் 'இணைய அடிமை நோய்' என்று எழுதியது பகிடிக்குத்தான். அடுத்த வருடமே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் அதை உண்மையான பிரச்சினையாக எடுத்து, சூதாட்ட அடிமைத்தனத்துக்கான அளவுகோல்களைக் கொண்டு ஆராய்ந்தார். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய நோய்ப்பட்டியலில் இணைய அடிமைத்தனம் தனி நோயாக இல்லை. கேமிங் கோளாறுதான் இருக்கிறது. அதற்கும் சும்மா நிறைய விளையாடினால் போதாது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்து, படிப்பையோ உறவையோ கடுமையாகப் பாதித்திருக்க வேண்டும்.

என் மருமகனின் போனைப் பிடுங்கி அலுமாரியில் பூட்டினோம். அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய் உள்ளே போகவில்லை. பக்கத்தில் இருந்து மெல்லக் கேட்டபோதுதான் கணக்குப் பாடத்தில் மூன்று தவணையாக ஃபெயில் என்று அழுதான். போன் அவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்திருக்கிறது.

சரி, நீங்கள் முதலில் மகனின் தூக்கத்தையும், கூட்டாளிமாரோடு வெளியே போகிறானா என்பதையும் பாருங்கள். அப்புறம் தனியாக இருந்து பேசுங்கள். அவன் வாயே திறக்காவிட்டால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.